ஆட்டோமேட்டிக்கிலும் எஞ்சின் பிரேக்கிங் உண்டு, அண்ணாச்சி

"ஆட்டோமேட்டிக்ல எஞ்சின் பிரேக்கிங் கிடையாது, மாஞ்சோலை மலை இறக்கத்துக்கு மேனுவல் எஸ்யூவிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரியில்லை அண்ணாச்சி. ஆக்சிலேட்டரை விட்டதும், கியரில் இருக்கும் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைப்பதுதான் எஞ்சின் பிரேக்கிங்.

ஏஎம்டி என்கிற ஆட்டோமேட்டிக் வகையின் உள்ளே இருப்பது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை நமக்குப் பதில் வண்டியே மிதிக்கிறது, அவ்வளவுதான். லீவரை எம் (மேனுவல்) பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சிவிடி என்கிற இன்னொரு ஆட்டோமேட்டிக் வகையில் பெரும்பாலும் எல் (லோ) அல்லது எஸ் (ஸ்போர்ட்) இருக்கும், இறக்கத்தில் அதில் போட்டாலும் எஞ்சின் பிடிக்கும். அடிவாரத்து மணிமுத்தாறு வந்து சேர்வதற்குள் பிரேக் நாறுகிறது என்றால், சாதாரணமாக ஓட்டும் டி-யிலேயே (டிரைவ்) போட்டு வழி நெடுக மிதித்துக்கொண்டே இறங்கியிருப்பார்கள்.

அதைவிட மோசம், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது. மிச்சமும் ஆகாது! கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும்.