5070-ம் 4090-ம் ஒண்ணு இல்லங்க
மேல என்விடியா கம்பெனியோட கிராஃபிக்ஸ் கார்டுகளப் பத்தி "புது ஆர்டிஎக்ஸ் 5070 பழைய 4090-க்கு சமம், கம்பெனியே சொல்லிருச்சு"னு போட்டிருக்கீங்களே ப்ரோ, அதுல பாதிதான் உண்மை. 2025 ஜனவரி சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி மேடையில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் அப்படி சொன்னது நிஜம்தான், ஆனா அது டிஎல்எஸ்எஸ் 4-ங்கற என்விடியாவோட ஏஐ வசதியில இருக்கற மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன ஆன் பண்ணி வர்ற கணக்கு, அதாவது கார்டு நிஜமா வரையற ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (படத்துக்கும்) ஏஐ மூணு ஃப்ரேம் வரைக்கும் நடுவுல சொருகும், 4090-ல அதே வேலைக்கு ஒண்ணே ஒண்ணுதான்.

இப்போ கேம் நிஜமா 30 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 30 ஃப்ரேம்) ஓடுதுன்னு வைங்க, கவுன்டர்ல 120னு காட்டும், பார்க்க ஸ்மூத்தா இருக்கும், ஆனா மவுஸ நகர்த்துனா கேம் அத கவனிக்கறது அந்த 30-ல மட்டும்தான், ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட், அதுக்கு மேல நடுவுல சொருகறதுக்கு அடுத்த ஃப்ரேம் வர்ற வரைக்கும் காத்திருக்கற நேரம் வேற. ஷூட்டர் கேம்ல இது நல்லாவே தெரியும், குறி வச்சா கொழகொழன்னு இழுக்கும்.

ஹார்டுவேரப் பாருங்க, 5070-ல 6144 கூடா கோர் (கார்டுக்குள்ள கணக்கு போடற சின்ன யூனிட்), 12 ஜிபி மெமரி. 4090-ல 16384, 24 ஜிபி. எப்படிங்க சமமாகும்?

கம்பேர் பண்ணணும்னா ஃப்ரேம் ஜெனரேஷன ரெண்டுலயும் ஆஃப் பண்ணுங்க, அதே சிபியு, அதே ரெசல்யூஷன், அதே செட்டிங்ஸ், ஒரே சீன மூணு தடவை ஓட்டி ஆவரேஜோட 1% லோவும் (ரொம்ப மெதுவா வந்த 1% ஃப்ரேமோட எஃப்பிஎஸ்) சேர்த்துப் பாருங்க. 1080பி-ல ஓட்டிட்டு வித்தியாசமே இல்லன்னு வராதீங்க, அங்க பெரும்பாலும் சிபியு தான் முட்டி நிக்கும், கார்டோட வித்தியாசம் வெளிய தெரியாது. 5070 மோசமான கார்டுன்னு நான் சொல்லல, அந்த ஒப்பீடுதான் தப்பு.