தாமஸ் ஷெரிடன்: மேடையை நடிகர்களுக்கு மீட்டுத் தந்தவர்

டப்ளினின் ஸ்மாக் ஆலி அரங்கை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நடத்திய தாமஸ் ஷெரிடனை, நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் தந்தை என்ற அளவிலேயே பலரும் அறிவர். இதில் எனக்கு உடன்பாடில்லை. நடிப்பில் அவர் லண்டனின் புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக்குக்கு ஒரு படி கீழேதான். 1745-46இல் இருவரும் அதே ஸ்மாக் ஆலி மேடையில் நடித்தனர். ஆயினும் நிர்வாகியாக அவர் எடுத்த ஒரு முடிவுக்காகவே அவர் பெயர் தனித்து நிற்க வேண்டும்.

அக்காலத்தில் வசதி படைத்த இளைஞர்கள் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடையேறி நிற்பதையும், ஒப்பனை அறைக்குள் நுழைந்து நடிகைகளிடம் அத்துமீறுவதையும் தங்கள் உரிமையாகவே கருதினர். ஷெரிடன் அதைத் தடுக்க முனைந்தார். 1747 ஜனவரியில் கெல்லி என்ற இளைஞன் குடிபோதையில் மேடையேறி, ஒரு நடிகையைத் துரத்திச் சென்றபோது, அவனை வெளியேற்றச் செய்தார். அவன் பார்வையாளர் பகுதிக்குத் திரும்பி, ஈசாப் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த ஷெரிடன்மீது ஆரஞ்சுப் பழங்களை வீசினான். நாடகம் முடிந்ததும் அறைக்கே வந்து வசைபாடியவனை, அந்த வேடத்திற்குரிய கைத்தடியாலேயே அவர் அடித்துத் துவைத்தார்.

கூத்தாடி ஒருவன் கனவானை அடிப்பதா என்று ஊரே கொதித்தது. கும்பல் அரங்கைச் சூறையாடியது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், கனவானாகிய ஒரு நடிகரைத் தாம் கண்டதே இல்லை என்று ஏளனம் செய்ய, இப்போது காண்கிறீர்கள் என நம்புகிறேன் என்று ஷெரிடன் தலைவணங்கிச் சொன்னதாக வரலாறு. அவர் விடுதலையானார், கெல்லிக்கு 500 பவுண்டு அபராதமும் சிறையும் கிடைத்தன. அந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்யும்படி வேண்டியவரும் ஷெரிடனே.

அன்று அவரைக் காத்த அதே பிடிவாதம்தான் 1754 மார்ச்சில் அவரைக் கவிழ்த்தது. வோல்தேரின் நாடகமொன்றில், ஊழல் ஆட்சியாளரைச் சாடும் வசனத்தை மறுபடி பேசும்படி அரசு எதிர்ப்பாளர்கள் கூச்சலிட்டனர். வெஸ்ட் டிக்ஸ் என்ற நடிகர் நிர்வாகியின் கட்டளையைக் காட்டி மறுத்தார். ஷெரிடன் வெளியே வந்து நான்கு வார்த்தை பேசியிருந்தால் கூட்டம் அடங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். அவரோ வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அரங்கின் உட்புறம் நொறுக்கப்பட்டது. பின்னர் திரும்பி வந்து நடத்தியபோதும், 1758இல் ஸ்பிரேஞ்சர் பேரி க்ரோ தெருவில் திறந்த போட்டி அரங்கைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி பேச்சுக்கலைச் சொற்பொழிவுகளிலும், 1780இல் வெளியான உச்சரிப்பு அகராதியிலும் கழிந்தது.

லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் காரிக் 1762இல்தான் மேடையிலிருந்து பார்வையாளரை முழுதாக அகற்றினார். அதற்கும் முதலில் அரங்கைப் பெரிதாக்கி, நடிகர்களின் வருமானம் குறையாதபடி இருக்கைகளைக் கூட்டிக்கொண்டார். அந்தச் சாமர்த்தியம் ஷெரிடனுக்கு வாய்க்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அதே போராட்டத்தை அவர் 15 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தார், அதுவும் தம் உயிரைப் பணயம் வைத்து.