நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?

இந்தக் கேள்வியை 11 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் என்மேல் அக்கறை உள்ளவர்கள். அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு இருப்பது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம் என்று சொல்வோமே, அதுதான். ஆரம்பத்தில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. பேஸ்ட் மூடியை விரலால் திருக முடியாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டித் திறப்பேன். பத்து மணி வாக்கில் கை தானாக இளகிவிடும். அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானத்தில் இந்தக் காலை நேர இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அதுவும் இரண்டு கையிலும் வீக்கத்தோடு வந்தால், மூட்டுவாத மருத்துவரிடம் போய்விட வேண்டும். இது எனக்குத் தெரியவர எட்டு மாதம் ஆனது. மூட்டு அரிக்கப்படுவது பெரும்பாலும் முதல் ஓரிரு வருஷத்திலேயே தொடங்கிவிடும் என்பதால், அந்த எட்டு மாதம் இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

நோய் என்னவென்று தெரிந்ததும் வந்த முதல் அறிவுரை, “எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு, அதைக் கூட்டுற மாதிரி ஏதாவது சாப்பிடு.” விஷயம் அப்படியில்லை. என் எதிர்ப்பு சக்திக்கு ஆள் அடையாளம் மாறிப்போயிருக்கிறது. கிருமியைத் தாக்க வேண்டியது, மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. இதே தவறு கணையத்தில் நடந்தால் டைப் 1 சர்க்கரை நோய், தைராய்டில் நடந்தால் ஹாஷிமோட்டோ, தோல், சிறுநீரகம் என்று பல இடங்களில் நடந்தால் லூபஸ். இப்படி 80-க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாமல் இருக்க உள்ளுக்குள் ஏதோ தடுப்பு இருக்க வேண்டும் என்று 1900-களின் தொடக்கத்திலேயே ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் சொன்னார். அந்தத் தடுப்பு உடையக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் மருத்துவ உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. 1956-ல் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தத் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்பு சக்தி உருவாக்கும் புரதங்களை, கண்டுபிடித்தார்கள். தடுப்பு வேலையைச் செய்கிற டி செல்களை (ஒருவகை வெள்ளை அணுக்கள்) ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று என் நோயைப் பற்றி உலகமே பேசுவது போல இருந்தது எனக்கு.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். 1948-ல் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும் உடன் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வந்தது, தொடர்ந்து கொடுத்தால் பக்கவிளைவுகள் வந்தன. ஸ்டீராய்டின் குணம் இன்றும் அதுதான். நெருப்பை உடனே அணைக்கும், ஆனால் வருஷக்கணக்கில் நம்பியிருக்க முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் கூடியவரை குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

நீண்டகாலக் கட்டுப்பாட்டுக்கு எனக்குக் கொடுப்பது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே ஒரு நாள். எனக்கு ஞாயிறு இரவு. காலண்டரில் அந்தக் கட்டத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, விழுங்கியதும் அதன்மேல் குறுக்குக்கோடு போடுவேன். தினமும் சாப்பிட வேண்டியது என்று தவறாக நினைத்து உயிரையே இழந்தவர்கள் உண்டு, அதனால் இதில் எனக்கு அலட்சியமே கிடையாது. அதன் பக்கவிளைவைக் குறைக்க வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் பரிசோதனை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி இந்த மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இது வேலை செய்ய ஒன்றரை மாதம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். “ரெண்டு வாரம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல” என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. இதில் கட்டுப்படாவிட்டால் அடுத்து, எதிர்ப்பு சக்தியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடக்கும் பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நான் ஒருமுறை நிறுத்தினேன். மூன்றாவது வருஷம். வலியே இல்லை. நெருங்கிய சொந்தம் ஒருவர் மேலே எழுதிய அதே கேள்வியைக் கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலை, போர்வையை விலக்கக் கை வரவில்லை. திரும்பக் கட்டுக்குள் கொண்டுவர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. வலது கை சுண்டுவிரல் அதற்குள் வளைந்துவிட்டது. அது இனி நிமிராது. மாத்திரையால்தான் நான் நன்றாக இருந்தேன் என்பதை அந்த விரல் எனக்குச் சொன்னது.

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சில வாரங்கள் எடுத்தாலே உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

அப்புறம் இந்த அசதி. வெளியே தெரியாத அசதி. தூங்கி எழுந்தாலும் போகாது. “சோம்பேறித்தனம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு சொல் வீக்கத்தைவிட அதிகமாக வலிக்கும்.

மாத்திரையைக் குறைக்கவே முடியாதா என்றால், முடியும். இரண்டு வருஷமாக என் நோய் அடங்கியிருப்பதால் அடுத்த மாதம் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு 15 மில்லிகிராமிலிருந்து 12.5 ஆக்கிப் பார்க்கலாம் என்று என் டாக்டரே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு படிக்கும் சில மாத இடைவெளி, நடுவில் ரத்தப் பரிசோதனை. காலை இறுக்கம் திரும்பினால் அன்றைக்கே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்.