பேசும் படமா ருவான் லிங்யுவைக் கொன்றது?

"பேசும் படம் வந்ததும் வாய்ப்புப் போய், மனமுடைந்து இறந்த சீன நடிகை" என்று ருவான் லிங்யு பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 1930களின் நடுவிலும் ஷாங்காயில் மௌனப் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவருடைய 'தேவதை' என்ற மௌனப் படம் வெளியானது 1934இல். கடைசிக் காட்சியில், சிறைச்சுவரில் மகன் முகம் தெரிய, அவர் உதட்டில் அரும்பும் சிரிப்பைப் பார்த்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார். 1935 மார்ச் 8இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டபோது வயது 24. அப்போது புகழின் உச்சியில் வேறு இருந்தார். முன்னாள் துணைவர் ஜாங் டாமின் தொடுத்த வழக்கும், அதை மென்று துப்பிய பத்திரிகைகளும்தான் அவரை நெருக்கின. பதிவோடு வரும் வண்ணப்படம்கூட அவருடையதல்ல. பின்னாளில் அவர் வேடத்தில் நடித்த ஹாங்காங் நடிகை மேகி சியுங்!