கடற்கோட்டைகளின் கதவு யாருக்குத் திறக்கிறது?

பழைய கடற்கோட்டையைப் பழுதுபார்த்து, இரவில் ஒளிவிளக்குப் பாய்ச்சி, வாசலில் நுழைவுச்சீட்டு விற்றுவிட்டால் அது மக்களுக்கு உரியதாகிவிட்டது என்று கருதும் போக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அந்நியரைத் தடுப்பதற்கென்றே எழுப்பிய கட்டடத்துக்குள் இன்று மக்கள் எந்த வழியாக, எவ்வளவு எளிதாக வரப்போகிறார்கள் என்பதே கட்டடக் கலைஞர் முதலில் விடைகாண வேண்டிய கேள்வி.

பிரான்சின் மார்செய் துறைமுக வாயிலில் உள்ள சேன் ழான் கோட்டை, 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னர், அடங்க மறுத்த அந்த நகரத்தைக் கண்காணிக்கவும் சேர்த்தே கட்டியது. 2013இல் ரூடி ரிச்சியோத்தி வடிவமைத்த மூசெம் அருங்காட்சியகம் பக்கத்தில் எழுந்தபோது, அதன் மாடியிலிருந்து கோட்டை மதிலுக்கு 100 மீட்டரைத் தாண்டும் மெல்லிய கான்கிரீட் நடைபாலம் ஒன்றை நீருக்கு மேலே அமைத்தார்கள். படங்களில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். ஆனால் கோட்டையைப் பழைய பானியே குடியிருப்போடு இணைக்கும் மற்றொரு பாலத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். அக்கம்பக்கத்தார் மாலையில் நடந்துவந்து, கட்டணமின்றிக் கோட்டைத் தோட்டத்தில் உட்கார முடிகிறது.

ஹாங்காங்கில் 1887இல் கட்டிய லெய் யூ முன் கோட்டையை 2000இல் அருங்காட்சியகமாக்கியபோது, நடுக்கொத்தளத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணிக்கூரையை அமைத்தார்கள். பழைய சுவர் எது, புதிய கூரை எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். புதிய சேர்க்கை தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்று, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நெறிகளைச் சொல்லும் சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கேட்பதும் இதைத்தான். பழமைபோலவே நடித்துக் கட்டுவது வரலாற்றைக் குழப்பும்.

கல்லின் உடல்நலமும் இதோடு சேர்ந்தது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் கல்லுக்குள் சிக்கி, கடல் உப்பு மேற்பரப்புக்குப் பின்னால் படிகமாகி, கல்முகம் செதில் செதிலாக உதிரும். இந்தப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும் என்பதால்தான் கோட்டைகள் சொகுசு விடுதிகளாகின்றன. இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் உள்ள ஸ்பிட்பேங்க் கோட்டைக்கும் அதுவே நேர்ந்தது. வருவாய் தேவை என்பதை மறுக்கவில்லை. சில அறைகளை வாடகைக்கு விடலாம். ஆனால் மதில்மேல் நடைபாதையும் முற்றமும் கடலைப் பார்க்கும் விளிம்பும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் என்பதை, வடிவமைப்புப் பணியை எவரிடமும் ஒப்படைக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.