பேரை எடுத்துட்டா மட்டும் போதாதுங்க

"நோயாளி பேரை எடுத்துட்டா நர்ஸுங்க தாங்க பாத்த கேஸைப் பொதுவுல தாராளமா எழுதலாம், அப்பதான் நிறைய பேர் படிப்பாங்க"ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். தப்புங்க. 'பென்னாகரம் பக்கம், ஆறு மாசக் கர்ப்பிணி, செவ்வாய் ராத்திரி பாம்புக்கடி'ன்னு போட்டாலே அந்த ஊர் டீக்கடையில யாருன்னு தெரிஞ்சிடும். இந்திய நர்சிங் கவுன்சில் நெறிமுறையே ரகசியம் காக்கச் சொல்லுது. எச்.ஐ.வி. விஷயத்துக்கு 2017ல தனிச் சட்டமே வந்திருக்கு.

எழுத வேற விஷயமா இல்ல? தருமபுரி, கிருஷ்ணகிரி போர்த்தண்ணியில ஃப்ளோரைடுங்கிற உப்பு அதிகம், அது பல்லைக் கெடுக்கும். பல்லுல பழுப்புக்கோடு விழுந்த பிள்ளைங்க, வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறதைப் பாத்திருப்பீங்க. கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது சிஸ்டர், தண்ணி வத்த வத்த அடர்த்தி கூடும். ஒகேனக்கல் திட்டத்துக் காவிரித் தண்ணி வந்தா, குடிக்க மட்டுமில்ல, சோறாக்கவும் அதையே பிடிச்சு வைக்கச் சொல்லி எழுதுங்க.