ஊட்டி ஏரியில் ஆல்பட்ராஸ் இறங்கவில்லை

"ஊட்டி ஏரிக்கு ஆல்பட்ராஸ் வந்துவிட்டது, சுனாமி வரப்போகிறது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பறவை ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைதான், இடம் ஊட்டி இல்லை. படத்தின் கீழ் ஓரத்தில் கப்பலின் கைப்பிடிக் கம்பி, பின்னால் கரையே தெரியாத நீர். ஊட்டி ஏரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மரங்கள் தெரியுமே!

பறவையையும் பாருங்கள்: இளஞ்சிவப்பு அலகு, அதன் இருபுறமும் குழாய் போன்ற மூக்குத்துளை, விரித்தால் 3 மீட்டரைத் தொடும் ஒடுங்கிய இறக்கை. தென்பெருங்கடலில் கப்பல்களின் பின்னால் சிறகடிக்காமலே வெகுநேரம் மிதந்து வரும் இனம் இது. புயலில் சிக்கிய ஆலாக்கள் (சிறிய கடற்பறவைகள்) உள்நாட்டு ஏரிகளில் ஒதுங்குவது உண்டு, அது வேறு.

சரி, சுனாமி? அந்த எச்சரிக்கையைத் தருவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல்சார் தகவல் மையம், பறவை அல்ல. நாகப்பட்டினத்துச் சொந்தக்காரர்களுக்கு இந்தப் படத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2004-ஐ நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.